பழைய பிக்கப்பை உயர்த்த என்னென்ன வாங்க வேண்டும்? செவர்லே கே10ஐ வைத்து ஓர் எளிய விளக்கம்

அமெரிக்காவில் பழைய பிக்கப் ஒன்றை வாங்கியவர் அடுத்துத் தேடுவது பெரும்பாலும் வண்டியை உயர்த்தும் சாமான் தொகுப்பான லிஃப்ட் கிட்தான். கடைப் பட்டியலைத் திறந்தால் 2.5 அங்குலம், 4 அங்குலம், 6 அங்குலம் என்று வரிசையாக நிற்கும். கூடவே பிளாக், ஷேக்கிள், ஆட்-எ-லீஃப், ஸ்டியரிங் ஆர்ம் என்று பெயர்கள் வந்து குழப்பும். எந்தச் சாமான் எந்த வேலையைச் செய்கிறது என்று தெரிந்துவிட்டால் தேர்வு அவ்வளவு கடினமில்லை. தெரியாமல் விலையை மட்டும் பார்த்து வாங்கினால், கிட்டில் இல்லாத சாமான்களுக்கு ஒவ்வொன்றாகப் பணம் போய்க்கொண்டே இருக்கும்.

பொதுவாகப் பேசினால் பிடிபடாது. அதனால் ஒரே வண்டியை எடுத்துக்கொள்கிறேன்: ஜெனரல் மோட்டார்ஸ் 1973 முதல் 1987 வரை செய்த தலைமுறையைச் சேர்ந்த செவர்லே கே10. சதுரமான உடலுக்காக ‘ஸ்கொயர்பாடி’ என்று அங்கே அழைக்கப்படும் வண்டி இது. ‘சி’ என்று தொடங்கினால் பின் சக்கர இழுவை, ‘கே’ என்றால் நாலு சக்கர இழுவை. 10 என்றால் அரை டன், 20 முக்கால் டன், 30 ஒரு டன். கடைசி ஆண்டான 1987இல் மட்டும் ‘கே’ என்ற எழுத்து ‘வி’ ஆனது. அந்த ஆண்டு வண்டிக்குச் சாமான் தேடுபவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். ஜிஎம்சி பெயரில் விற்ற சகோதர வண்டிக்கும் கீழே உள்ளதெல்லாம் பொருந்தும்.

கற்றுக்கொள்ள இதைவிட நல்ல வண்டி இல்லை என்பேன். முன்னும் பின்னும் ஒற்றைத் தண்டாக ஓடும் திட ஆக்சில், நாலு மூலையிலும் இரும்புப் பட்டைகளை அடுக்கிக் கட்டிய லீஃப் ஸ்பிரிங். அடியில் படுத்துப் பார்த்தால் எல்லாம் கண்ணுக்குத் தெரியும்.

எது உயரும், எது உயராது

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். சஸ்பென்ஷன் லிஃப்ட் என்பது ஆக்சிலுக்கும் சேசிஸுக்கும் இடையே உள்ள தூரத்தைக் கூட்டுவது. சேசிஸ், எஞ்சின், கேபின் எல்லாம் மேலே போகும். ஆக்சில் இருந்த இடத்திலேயே இருக்கும். பாறையில் முதலில் இடிப்பது ஆக்சிலின் நடுவே தொங்கும், கிரவுன் கியர் இருக்கும் உருண்டைப் பெட்டியான கிரவுன் ஹவுசிங். 6 அங்குல லிஃப்ட் போட்டாலும் அது தரையிலிருந்து ஒரு நூல் அளவுகூட எழும்பாது.

ஆக்சிலை உயர்த்துவது டயர் மட்டும்தான், அதுவும் பாதிக் கணக்கில். இந்த வண்டியில் பரவலாகப் பார்க்கும் 235/75ஆர்15 டயரின் விட்டம் கிட்டத்தட்ட 28.9 அங்குலம். அதைக் கழற்றிவிட்டு 33 அங்குல டயர் போட்டால் விட்டம் 4 அங்குலம் கூடுகிறது, ஆக்சில் 2 அங்குலம் உயர்கிறது. அவ்வளவுதான்.

அப்படியானால் சஸ்பென்ஷன் லிஃப்ட் எதற்கு? முக்கியமாக, பெரிய டயருக்கு மட்கார்டுக்குள் இடம் கொடுக்க. கூடவே பம்பரும் எரிபொருள் தொட்டியும் மேலே போவதால் மேடு பள்ளத்தில் ஏறி இறங்கும்போது இடிக்காது. ஆகவே முடிவெடுக்கும் வரிசையும் இப்படித்தான் இருக்க வேண்டும்: எங்கே ஓட்டப்போகிறோம், அதற்கு என்ன டயர் வேண்டும், அந்த டயர் நுழைய எத்தனை அங்குலம் வேண்டும். கே10இல் 31 அங்குல டயர் லிஃப்ட் இல்லாமலே உட்காரும். 33க்கு 4 அங்குலமும் 35க்கு 6 அங்குலமும் வேண்டும் என்பது பலரும் பின்பற்றும் தோராயக் கணக்கு. 2.5 அங்குலத்தில் 33ஐ நுழைப்பவர்களும் உண்டு; மட்கார்டின் ஓரத்தைக் கொஞ்சம் வெட்ட வேண்டியிருக்கும். வீல் எவ்வளவு உள்ளே தள்ளி நிற்கிறது என்பதைப் பொறுத்தும் இது மாறும். அதிகம் உள்ளே போனால் ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பும்போது டயர் ஸ்பிரிங்கில் உரசும். அதிகம் வெளியே வந்தால் மட்கார்டின் பின் மூலையில் உரசும்.

தினமும் வேலைக்கு ஓட்டிப் போய், வார இறுதியில் காட்டுப் பாதையில் இறங்குபவருக்கு 4 அங்குலமே போதும் என்பது என் கருத்து. 6 அங்குலம் படத்தில் அழகாக இருக்கும். ஆனால் ஆக்சிலுக்குச் சக்தி கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட், ஸ்டியரிங், பிரேக் என்று ஒவ்வொன்றும் அங்கிருந்துதான் தகராறு செய்யத் தொடங்குகிறது.

வாங்கும் முன் அளவுநாடா

நாற்பது வயதான வண்டியின் ஸ்பிரிங் பிறந்தபோது இருந்த வளைவோடு இருக்காது. தளர்ந்து தட்டையாகியிருக்கும். சக்கரத்தின் நடுமையத்திலிருந்து நேர் மேலே மட்கார்டு விளிம்பு வரை நாலு மூலையிலும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். தரையிலிருந்து அளக்கக் கூடாது. டயரின் அளவும் காற்றும் கணக்கைக் குழப்பும். இடமும் வலமும் வேறுபட்டால் ஒரு பக்கத்து ஸ்பிரிங் அதிகம் தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். அல்லது அதில் பட்டை ஒன்று உடைந்திருக்கலாம்.

இந்த அளவு எதற்கு என்றால், ‘4 அங்குல’ ஸ்பிரிங் என்று விற்பவர் கணக்கிடுவது தொழிற்சாலை உயரத்திலிருந்து. உங்கள் வண்டி ஏற்கெனவே ஒன்றரை அங்குலம் உட்கார்ந்திருந்தால், மாட்டிய பிறகு ஐந்தரை அங்குலம் எழும்பியதுபோல் தெரியும். 2.5 அங்குல ஸ்பிரிங்கே உங்கள் கண்ணுக்கு 4 அங்குலமாகத் தெரியலாம். பலருக்கு அதுவே போதுமானதாக இருந்துவிடும்.

அடுத்து சேசிஸ். ஸ்கொயர்பாடிக்கு ஒரு பிறவிக் குறை உண்டு. ஸ்டியரிங் பாக்ஸ் பொருத்தியிருக்கும் இடத்தில், இடது பக்கச் சேசிஸ் தகட்டில் விரிசல் விழும். பெரிய டயரைத் திருப்பும் பளுவை அந்த இடம்தான் தாங்குகிறது. லிஃப்ட் போட்டு 33, 35 டயரோடு பல காலம் ஓடிய வண்டியில் விரிசல் இருக்கும் வாய்ப்பு அதிகம். கம்பித் தூரிகையால் அழுக்கைத் தேய்த்து, டார்ச் அடித்து போல்ட் துளைகளைச் சுற்றிப் பாருங்கள். இதற்கென்றே பற்றவைக்கும் வலுத்தகடுகள் விற்கிறார்கள். விரிசல் இருந்தால் லிஃப்ட் பணத்தில் முதல் பங்கு இதற்குத்தான். விரிசல் இல்லாவிட்டாலும் 33க்கு மேல் போகப்போகிறவர் வலுத்தகடு போட்டுக்கொள்வது நல்லது.

மிச்சிகன், ஒஹையோ போன்ற, குளிர்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் மாநிலத்து வண்டி என்றால் ஸ்பிரிங் தொங்கும் ஹேங்கர்களைச் சுத்தியால் தட்டிப் பாருங்கள். நங்கென்று ஒலித்தால் சரி. பொதபொதவென்று துரு உதிர்ந்தால் ஹேங்கரையே மாற்ற வேண்டும். அவை சேசிஸோடு ரிவெட் அடித்துப் பொருத்தப்பட்டவை. ரிவெட்டைக் கிரைண்டரால் அறுத்துத் தட்டி எடுத்துவிட்டு, நல்ல தரமான போல்ட் போட வேண்டும். நேரம் பிடிக்கும் வேலை. கூலியையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். பால் ஜாயின்ட், டை ராட் எண்ட், ஸ்பிரிங் புஷ் இவற்றில் ஆட்டம் இருந்தால் அதையும் முதலில் முடித்துவிட வேண்டும்.

முன்பக்கம்: புது ஸ்பிரிங்தான்

லீஃப் ஸ்பிரிங் வண்டியை உயர்த்த நாலு வழிகள்: அதிக வளைவுள்ள புது ஸ்பிரிங், இருக்கும் கட்டில் கூடுதலாக ஒரு பட்டை (ஆட்-எ-லீஃப்), ஆக்சிலுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே இரும்புக் கட்டி, ஸ்பிரிங்கின் ஒரு முனையைச் சேசிஸோடு இணைக்கும் அசையும் இணைப்பான ஷேக்கிளை நீளமாக்குவது. முன்பக்கத்தில் நான் யோசிக்காமல் சொல்வது முதல் வழியைத்தான்.

கட்டியை, அதாவது பிளாக்கை, முன்பக்கத்தில் வைக்கவே கூடாது. பிரேக் போடும்போது முன் ஆக்சில் சுழன்று திரும்பப் பார்க்கும். திருப்பத்தில் பக்கவாட்டு விசையும் சேரும். இரண்டையும் தாங்க வேண்டிய இடத்தில் தனியாக ஒரு கட்டி நின்றால், அது நழுவிய நொடியில் ஸ்டியரிங் உங்கள் கையில் இருக்காது. நல்ல பட்டறைக்காரர் யாரும் முன்னால் பிளாக் வைத்துத் தர மாட்டார்.

கூடுதல் பட்டை போடுவது நம் ஊர் லாரிப் பட்டறையில் பாரம் அதிகம் ஏற்றுபவருக்கு ஒரு பட்டை சேர்த்துக் கட்டுவதைப் போலத்தான். வண்டி எழும்பும், கூடவே விறைக்கும். ஓர் அங்குலம், ஒன்றரை அங்குலம் வேண்டும் என்றால் சரி. ஆனால் நாற்பது ஆண்டு தளர்ந்த கட்டில் ஒரு புதுப் பட்டை மட்டும் முறுக்கோடு நின்றால், பளுவையெல்லாம் அதுவே தாங்கிச் சீக்கிரம் தளரும்.

நீள ஷேக்கிளில் 2 அங்குலம் கூட்டினால் வண்டி ஓர் அங்குலம்தான் உயரும், ஏனென்றால் ஆக்சில் ஸ்பிரிங்கின் நடுவில் இருக்கிறது. ஒரு முனையின் நகர்வில் பாதிதான் அதற்கு வந்து சேரும். அதோடு ஸ்பிரிங் சாய்வதால் ஆக்சிலும் சுழலும். முன் ஆக்சில் சுழன்றால் கேஸ்டர் மாறும். சக்கரம் திரும்பும் அச்சின் மேல் முனை பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அந்தக் கோணம்தான், திருப்பம் முடிந்ததும் ஸ்டியரிங்கைத் தானாக நேராக்குகிறது. அது குறைந்தால் நெடுஞ்சாலையில் வண்டி அலையும். ஷேக்கிள் எந்த முனையில் இருக்கிறது என்பதைப் பொறுத்து இந்தக் கோணம் கூடவும் செய்யலாம், குறையவும் செய்யலாம்.

புது ஸ்பிரிங் வாங்கும்போது உயரத்தை மட்டும் பார்க்காதீர்கள், பட்டைகளை எண்ணுங்கள். ஒரு பட்டையின் விறைப்பு அதன் தடிமனின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். தடிமன் இருமடங்கானால் விறைப்பு எட்டு மடங்கு. ஆகவே ஒரே பளுவைத் தாங்கும் இரண்டு கட்டுகளில், மெல்லிய பட்டைகள் நிறைய உள்ளது மிருதுவாக ஓடும். தடித்த பட்டைகள் சில மட்டும் உள்ளது ஒவ்வொரு குழியையும் முதுகெலும்பில் எழுதும். பட்டைகளின் முனையில் உரசலைக் குறைக்கும் பிளாஸ்டிக் துண்டு இருந்தால் நல்லது. முதல் பட்டையின் கண்ணை, அதாவது போல்ட் நுழையும் முனை வளையத்தை, இரண்டாவது பட்டையும் சுற்றி அணைத்திருந்தால் இன்னும் நல்லது: முதல் பட்டை உடைந்தாலும் ஆக்சில் கழன்று ஓடாது. ஸ்கைஜாக்கர், டஃப் கன்ட்ரி, ரஃப் கன்ட்ரி என்று பல நிறுவனங்கள் இந்த வண்டிக்கு ஸ்பிரிங் செய்கின்றன. ஒரே நிறுவனத்திலேயே மிருதுவானதும் பளுவுக்கானதும் தனித்தனியாக இருக்கும். முன்னால் வண்டியை இழுக்கும் கம்பிச் சுருளியான வின்ச் மாட்டப்போகிறீர்களா, பெரிய எஞ்சினா சின்ன எஞ்சினா என்று சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

பின்பக்கம்: இங்கேதான் சுவாரசியம்

பின்னால் பிளாக் வைக்கலாம். சில பிக்கப்களில் தொழிற்சாலையே பின்னால் ஒரு பிளாக்கோடுதான் அனுப்பியது. ஆனால் உயரம் கூடக் கூட ஒரு தொல்லையும் கூடும். ஆக்சிலேட்டரை அழுத்தும்போது பின் ஆக்சில் சக்கரம் சுழலும் திசைக்கு எதிராகத் தானும் சுழலப் பார்க்கும். ஸ்பிரிங் பட்டை அதைத் தடுத்து, லேசாக ஆங்கில ‘எஸ்’ எழுத்துபோல வளையும். நடுவே பிளாக் இருந்தால் அது நெம்புகோலாகி அந்த வளைவைப் பெரிதாக்கும். முறுக்கு விடுபட்டு ஸ்பிரிங் துள்ளித் திரும்பும்போது பின் சக்கரங்கள் தடதடவென்று குதிக்கும். புரொப்பெல்லர் ஷாஃப்டின் முனையில் உள்ள மடங்கும் மூட்டான கிராஸ் உடைவதும் இப்படித்தான். 2 அங்குலம், மிஞ்சினால் 3 அங்குலப் பிளாக்கோடு நின்றுவிடுங்கள். வார்ப்பிரும்பு அல்லது எஃகுக் கட்டியாக இருக்கட்டும். ஒன்றின்மேல் ஒன்று இரண்டு பிளாக் அடுக்குவது எந்த உயரத்திலும் தவறு.

இந்த வண்டிக்கே உரிய இன்னொரு வழி இருக்கிறது, அதுதான் எனக்குப் பிடித்தது. ஷேக்கிள் ஃபிளிப். கே10இன் பின் ஸ்பிரிங்கின் பின்முனையைப் பாருங்கள். ஹேங்கரின் கீழ்ப்பகுதியில் ஷேக்கிளின் ஒரு முனை மாட்டியிருக்கும், ஸ்பிரிங்கின் கண் அதற்கு மேலே இருக்கும். வண்டியின் எடை ஷேக்கிளை இழுத்துப் பிடிக்கும் அமைப்பு. இந்த ஹேங்கரை எடுத்துவிட்டு வேறு ஹேங்கர் மாட்டி, ஷேக்கிளைத் தலைகீழாக்கினால் ஸ்பிரிங்கின் கண் கீழே வந்துவிடும். அந்த முனை சுமார் 8 அங்குலம் இறங்குகிறது. ஆக்சில் நடுவில் இருப்பதால் அதில் பாதி, அதாவது கிட்டத்தட்ட 4 அங்குலம், லிஃப்ட்டாகக் கிடைக்கிறது.

இதில் என்ன லாபம்? பின்னால் தொழிற்சாலை ஸ்பிரிங்கே இருக்கும், அதன் மிருதுத்தன்மை போகாது. பிளாக் இல்லாததால் நெம்புகோல் தொல்லை கூடாது. ஸ்பிரிங்கின் பின்முனை இறங்குவதால் ஆக்சில் லேசாகச் சுழன்று, புரொப்பெல்லர் ஷாஃப்ட் ஆக்சிலில் வந்து சேரும் பினியனின் மூக்கு மேல்நோக்கும். கொலராடோவில் உள்ள ஆஃப்ரோட் டிசைன் உட்படச் சில நிறுவனங்கள் இந்தக் கிட்டை விற்கின்றன. ரிவெட் அறுக்கும் வேலை மட்டும் கட்டாயம் உண்டு. உங்கள் பின் ஸ்பிரிங் ஏற்கெனவே தளர்ந்திருந்தால் முதலில் தொழிற்சாலை உயரத்திலேயே புதுக் கட்டு ஒன்று போட்டுவிட்டு ஃபிளிப் செய்யுங்கள். முன்னால் 4 அங்குல ஸ்பிரிங், பின்னால் ஃபிளிப்: கே10க்கு இதைவிடச் சமச்சீரான ஜோடியை நான் பார்த்ததில்லை. (இன்னும் ஒரு படி மேலே போகிறவர்கள் 1988க்குப் பிந்தைய செவர்லேயின் 63 அங்குல நீளப் பின் ஸ்பிரிங்கைக் கொண்டுவந்து பொருத்துவார்கள். நீளமான ஸ்பிரிங் அதிகம் அசையும், மிருதுவாகவும் இருக்கும். ஆனால் அது ஹேங்கர் இடம் மாற்றும் வேலை, ஆரம்பநிலைக்காரருக்கானது அல்ல.)

கூடவே வரும் சாமான்கள்

விலைப்பட்டியலில் பெரிய எழுத்தில் இல்லாதவை இவை. முதலில் ஸ்டியரிங். இந்த வண்டியில் ஸ்டியரிங் பாக்ஸிலிருந்து வரும் டிராக் லிங்க், முன்னும் பின்னுமாக நகர்ந்து சக்கரத்தோடு திரும்பும் முட்டியான இடது நக்கிளின் மேல் உள்ள ஆர்மைத் தள்ளி இழுக்கிறது. சேசிஸோடு பாக்ஸ் 4 அங்குலம் மேலே போய்விட, ஆர்ம் கீழேயே நின்றால் டிராக் லிங்க் அதிகமாகச் சாயும். அப்போது ஸ்பிரிங் அழுந்தி எழும்பும் ஒவ்வொரு முறையும் நீங்கள் திருப்பாமலே சக்கரம் திரும்பும். குழியில் இறங்கினால் வண்டி தானாக ஒரு பக்கம் இழுக்கும். இதற்கு மருந்து, உயரம் கூட்டிய ஸ்டியரிங் ஆர்ம். பழையதைக் கழற்றி அதே ஸ்டட்களில் மாட்டலாம். ஸ்டட்டும் கூம்பு வாஷரும் புதிதாகவே போடுங்கள். 4 அங்குலம் வரை இது போதும். 6 அங்குலத்துக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் கிராஸ்ஓவர் ஸ்டியரிங்குக்கு மாறுவார்கள். அதில் லிங்க் குறுக்காக வலது நக்கிளுக்கு ஓடும். அதற்கு இரு சக்கர இழுவை வண்டியின் ஸ்டியரிங் பாக்ஸும் மேல்பகுதி தட்டையாகச் செதுக்கிய வலது நக்கிளும் வேண்டும். செலவு வேறு தளத்துக்குப் போய்விடும்.

பிரேக் ஹோஸ். ஆக்சில் முழுக்கத் தொங்கும்போது ஹோஸ் இழுபட்டால் ஒருநாள் அறுந்துவிடும். முன்னால் இரண்டு, பின் ஆக்சிலுக்கு ஒன்று. நீளமானவை வாங்குங்கள். நாற்பது வயது ரப்பரை எப்படியும் மாற்றத்தானே வேண்டும்.

ஷாக் அப்சார்பரைப் பலர் நிறம் பார்த்து வாங்குகிறார்கள். பார்க்க வேண்டியது இரண்டு நீளங்கள்: முழுக்க மடங்கியது, முழுக்க நீண்டது. புது ஸ்பிரிங் மாட்டி வண்டி தரையில் நிற்கும்போது ஷாக்கின் மேல், கீழ் மவுன்ட்களுக்கு இடையே அளந்துகொள்ளுங்கள். உதாரணத்துக்கு 20 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். ஆக்சிலுக்கும் ரப்பர் பம்ப் ஸ்டாப்புக்கும் நடுவே 4 அங்குலம் இருக்கிறது என்றால், ஷாக் 16 அங்குலத்துக்கும் குறைவாக மடங்கக்கூடியதாக இருக்க வேண்டும். பிறகு சேசிஸை ஜாக்கியால் தூக்கிச் சக்கரங்களைத் தொங்கவிட்டு அளந்துகொள்ளுங்கள். 26 வந்தால், ஷாக் 26க்கும் மேல் நீள வேண்டும். மேலே பம்ப் ஸ்டாப்பும் கீழே ஸ்பிரிங்கும்தான் ஓட்டத்தை நிறுத்த வேண்டும். அந்த வேலை ஷாக் தலையில் விழுந்தால் அதன் மவுன்ட் பிய்ந்துவிடும்.

ஆக்சிலை ஸ்பிரிங்கோடு சேர்த்துப் பிடிக்கும் யூ போல்ட் எப்போதும் புதிது. ஒருமுறை முறுக்கிய யூ போல்ட் நீண்டிருக்கும், மறுபடி அதே பிடியைத் தராது. முன் ஸ்டெபிலைசர் பார் இருந்தால் அதன் இணைப்புகளும் நீளமாக வேண்டும்.

பிறகு புரொப்பெல்லர் ஷாஃப்ட். இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். ஷாஃப்டின் இரு முனையிலும் ஒவ்வொரு கிராஸ் இருக்கிறது என்று கொள்வோம். சாய்வாகச் சுழலும் கிராஸ் சீராகச் சுழற்றாது. ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வேகம் கூடிக் குறையும். மறுமுனையில் உள்ள கிராஸும் அதே கோணத்தில் இருந்தால் ஒன்றின் குறையை மற்றது ஈடுகட்டும். எனவே, சக்தியை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸின் வெளியீட்டு அச்சும் பின் பினியனும் ஒன்றுக்கொன்று இணையாக நிற்க வேண்டும். விவரம் தெரியாமல் சரிவான பிளாக்கோ ஆப்போ வைத்துப் பினியனை மேலே தூக்கினால் இந்த இணை கெட்டு, 50 மைல் வேகத்தில் தரையே அதிரும். மாறாக, டிரான்ஸ்ஃபர் கேஸ் பக்கம் இரட்டைக் கிராஸ் உள்ள ஷாஃப்ட் என்றால் பினியன் நேராக அதை நோக்கியே நிற்க வேண்டும். எந்த வகை ஷாஃப்ட் என்று பார்க்காமல் கோணத்தைத் திருத்த இறங்காதீர்கள். ஃபிளிப் செய்தபின் பினியன் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று கோணமானியால் அளந்து, தேவைப்பட்டால் எஃகு ஆப்பு வைத்துச் சரிசெய்யலாம். அலுமினிய ஆப்பு நசுங்கும்.

டயர் கேட்கும் விலை

28.9 அங்குலத்திலிருந்து 33க்குப் போனால் டயர் ஒரு சுற்றில் 14 சதவீதம் கூடுதல் தூரம் ஓடும். ஸ்பீடோமீட்டர் 60 மைல் காட்டும்போது வண்டி 68இல் போய்க்கொண்டிருக்கும். இது ஸ்பீடோமீட்டரின் சின்னக் கியரை மாற்றித் திருத்தக்கூடியது. இழுவைதான் பெரிய விஷயம். சக்கரம் ஒரு சுற்று சுற்றப் புரொப்பெல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறது என்பதே கிரவுன் விகிதம்; உங்களுடையது 3.08 என்றால் 33 டயரில் அது 2.7 ஆனதுபோல நடந்துகொள்ளும். ஏற்றத்தில் வண்டி மூச்சுவாங்கும், ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் சூடேறும். 3.73 இருந்தால் கிட்டத்தட்ட 3.27 ஆகும், ஓட்டிவிடலாம். கிரவுன் கியர் மாற்றினால் முன், பின் இரண்டு ஆக்சிலிலும் ஒரே விகிதம் இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் நாலு சக்கர இழுவையைப் போட்டதும் இரண்டும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். 3.08 வைத்திருப்பவர் 33 டயரோடு கியர் மாற்றும் செலவையும் சேர்த்துத்தான் பட்ஜெட் போட வேண்டும். இல்லையென்றால் 31 டயரோடு, லிஃப்ட்டே இல்லாமல், சந்தோஷமாக ஓட்டலாம்.

சேசிஸுக்கும் கேபினுக்கும் நடுவே கட்டை வைக்கும் பாடி லிஃப்ட் பற்றிக் கேட்பீர்கள். மலிவு. சஸ்பென்ஷனைத் தொடாது. ஆனால் ரேடியேட்டர் உறை, ஸ்டியரிங் தண்டு, எரிபொருள் நிரப்பும் குழாய் எல்லாம் இடம் மாறும். ஓர் அங்குலத்துக்கு மேல் எனக்கு உடன்பாடில்லை.

உங்கள் வண்டி கே10 இல்லையென்றால்

முதலில் முன்பக்கம் குனிந்து பாருங்கள். 1993 வரையிலான டாட்ஜ் நாலு சக்கர இழுவை பிக்கப், 1979 முதல் 1985 வரை அமெரிக்காவில் விற்ற டொயோட்டா நாலு சக்கர இழுவை பிக்கப் ஆகியவற்றில் முன்னால் திட ஆக்சிலும் லீஃப் ஸ்பிரிங்கும்தான். மேலே சொன்னதில் பெரும்பகுதி அவற்றுக்கும் பொருந்தும். 1980 முதல் 1996 வரையிலான ஃபோர்டு எஃப்-150இல் முன் ஆக்சில் இரண்டாகப் பிரிந்து கீல்போல மடங்கும், மேலே காயில் ஸ்பிரிங். அதில் ஸ்பிரிங்கை மட்டும் உயர்த்தினால் சக்கரங்களின் மேல்பக்கம் வெளியே விரியும். ஆக்சிலின் கீல்களையும் கீழே இறக்கும் பிராக்கெட் கட்டாயம். 1986 முதல் 1995 வரையிலான டொயோட்டா, 1988 முதல் 1998 வரையிலான செவர்லே அரை டன் ஆகிய நாலு சக்கர இழுவை பிக்கப் இரண்டிலும் முன்னால் டார்ஷன் பார், அதாவது முறுகியே ஸ்பிரிங்காக வேலை செய்யும் தண்டு. பாரின் போல்ட்டை முறுக்கி ஓர் அங்குலம் ஏற்றலாம். அதற்குமேல் முறுக்கினால் ஆர்ம் கீழ் எல்லையில் முட்டிக்கொண்டு, சக்கரம் பள்ளத்தில் இறங்க இடமே இருக்காது.

சட்டத்தையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். மாநிலத்துக்கு மாநிலம் வேறு. கலிஃபோர்னியாவில் மொத்த அனுமதி எடை 4,501 முதல் 7,500 பவுண்டு வரையுள்ள வண்டியின் சேசிஸ் உயரம் 30 அங்குலத்தைத் தாண்டக்கூடாது. முன், பின் ஆக்சில்களுக்கு நடுவே சேசிஸின் தாழ்ந்த இடத்திலிருந்து தரைவரை அளப்பார்கள். வேறு சில மாநிலங்கள் பம்பர் உயரத்தை அளக்கும்.

மாட்டிய பிறகு

ரப்பர் புஷ் உள்ள ஸ்பிரிங் என்றால் அதன் கண் போல்ட்டுகளை வண்டி தரையில் நின்று எடை இறங்கிய பிறகே கடைசியாக முறுக்க வேண்டும். தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே நின்று சீக்கிரம் கிழியும். திட ஆக்சிலில் அலைன்மென்ட் என்றால் பெரும்பாலும் டோ, அதாவது முன் சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பி நிற்கும் அளவு, மட்டும்தான். ஆனால் கேஸ்டரையும் அளந்து சொல்லும்படி கேளுங்கள். ஹெட்லைட்டைக் கீழே இறக்குங்கள், எதிரே வருபவரின் கண் உங்கள் விளக்கின் மட்டத்துக்கு வந்துவிட்டது. ஒரு பக்கச் சக்கரத்தை மேட்டில் ஏற்றி, ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுக்கத் திருப்பி, டயர் ஹோஸையோ ஸ்பிரிங்கையோ தொடுகிறதா என்று இன்னொருவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

யூ போல்ட் நட்டுகளை முதல் சில நூறு மைலுக்குள் மறுபடி டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும், பட்டைகள் ஒன்றோடொன்று படிந்து பிடி தளர்வது இயல்பு. இறுக்கிய கையோடு ஒவ்வொரு நட்டிலிருந்தும் போல்ட் நுனிவரை பெயின்ட் பேனாவால் ஒரு கோடு இழுத்து வையுங்கள். அடுத்த முறை அடியில் குனியும்போது கோடு பிசகியிருந்தால், தளர்ந்த நட்டு எது என்று தேட வேண்டியதில்லை.